பிளஸ் டூவுக்குப் பிறகு: வடசென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிசல்ட் வந்த வாரத்தில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் உட்கார இடம் இருக்காது. பெரும்பாலோர் கேட்பது பி.காம்., பி.சி.ஏ., இன்ஜினியரிங் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ். நல்ல படிப்புகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த வழியில் சேர்கிறோம், எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்காமல் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதுவும் வட்டிக்கு வாங்கிய பணம். பார்க்கவே வயிறு எரிகிறது.

இருப்பதிலேயே பெரிய தவறு, கவுன்சலிங் தொடங்கும் முன்பே தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. 2021-இல் இன்ஜினியரிங், சட்டம், கால்நடை, மீன்வளம் என்று விரிந்தது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். முதல் பட்டதாரிக்குத் தனிச் சலுகை உண்டு. எல்லாமே கவுன்சலிங் வழியாகப் போனால்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டால் கேட்க முடியாது.

இதில் ஒரு குழப்பமும் உண்டு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. வீட்டில் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். 7.5-க்கு அது செல்லாது. அதே பிள்ளை அங்கே தமிழ் வழியில் படித்திருந்தால், புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு வழி இருக்கிறது. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றிதழை மே மாதமே வாங்கி வையுங்கள்.

கலைக் கல்லூரிக்கு வருவோம். பாரதி மகளிர் கல்லூரியும் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். கட்டணம் மிகக் குறைவு. உதவி பெறும் கல்லூரி என்றால் கவனம் தேவை. ஒரே வளாகத்தில் எய்டட் பிரிவும் இருக்கும், செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவும் இருக்கும். பட்டம் ஒன்றுதான், செல்ஃப் ஃபைனான்ஸில் ஃபீஸ் மட்டும் பல மடங்கு கூடும். அப்ளிகேஷன் போடும்போதே எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

புதுப்புதுப் பெயரில் வரும் பட்டங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பிறகு பி.எட். முடித்து ஆசிரியர் ஆகவோ, குறிப்பிட்ட பட்டம் கேட்கும் அரசுப் பணிக்குப் போகவோ நினைத்தால், உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருடம் படித்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். எந்தப் பட்டமும் போதும் என்கிற குரூப் 2 பணிகள் போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம் ஒன்று உண்டு. கால்நடைப் பல்கலைக்கழகம் மாதவரத்தில்தான் இருக்கிறது. மீன்வளக் கல்லூரி பொன்னேரியில். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இரண்டிலுமே நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். காசிமேட்டில் பயாலஜி படித்த எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும், இன்ஜினியரிங் ரேங்க் லிஸ்ட் வரட்டும் என்று காத்திருந்து கடைசி தேதியை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி தேதி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பும் அப்படித்தான். அதற்கு எந்த குரூப் படித்தவரும் போடலாம்.

இன்ஜினியரிங் சாய்ஸ் நிரப்பும்போது கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாதிரிப் பெயரில் சில கல்லூரிகள் உண்டு. ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கவுன்சலிங் எண்ணைப் பார்த்து நிரப்புங்கள்.

அப்புறம், ஒரிஜினல் சர்டிபிகேட். அதைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள். அது அங்கேயே மாட்டிக்கொண்டால், அடுத்த ரவுண்டில் நல்ல இடம் வந்தாலும் போய்ச் சேர முடியாமல் அலைய வேண்டிவரும்.