கோடையில் வீட்டிலும் தோட்டத்திலும் நாம் செய்யும் தவறுகள்: பெரும்பாலும் நேரத்தில்தான் பிசகு

கோடை விடுமுறை என்றாலே மனதில் ஒரு படம் ஓட ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடுவார்கள், உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள், நண்பர்களைக் கூப்பிட்டு தோட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், செடிகளோடு நிறைய நேரம் இருக்கலாம். ஆனால் விடுமுறை முடிந்து யோசித்தால் ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, தோட்டத்தில் நாலு செடி காலி, வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள் என்று கணக்கு வேறு மாதிரி இருக்கும். வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிடுகிறோம். பல கோடைகளைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: செய்கிற வேலை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, செய்கிற நேரம்தான் தப்பாகிவிடுகிறது.

வெயிலுக்கு ஒரே ஓர் உச்சம்தான் என்று நினைப்பதிலேயே முதல் பிசகு தொடங்குகிறது. தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் சூரியன் உச்சியில் இருக்கும்போது அதிகம். காற்றின் சூடு அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பின்மதியத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட சுவரும் கூரையும் பொழுது சாய்ந்த பிறகுதான் அதை வெளியே விடும். ஆக, ஒரே நாளில் மூன்று வேளைகளில் மூன்று விதமான தொந்தரவு. இது தெரிந்துவிட்டால் எதை எப்போது செய்யலாம் என்பது பாதி தெளிந்துவிடும். கடிகாரம்கூட வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது, பிள்ளைகளை நிழலுக்குக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

தோட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் அன்பினாலேயே அதிகம் கெடுக்கிறோம். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால் செடி தலை தொங்கிக் கிடக்கும், மனசு கேட்காது, ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவோம். மறுநாளும் தொங்கும், மறுநாளும் ஊற்றுவோம். இலை வழியாகப் போகும் நீரை வேர் அதே வேகத்தில் எடுத்துக் கொடுக்க முடியாமல் போவதால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி மதியத்தில் தளர்வது உண்டு. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். அதற்குப் போய் தினமும் தண்ணீரைக் கொட்டினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுக ஆரம்பிக்கும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் செடி இன்னும் வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம். நான் ஆசையாக வளர்த்த ஒரு ரோஜாச் செடி இப்படித்தான் போனது. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கறுத்து கூழாகிக் கிடந்தது, அன்றைக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இப்போது விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவதில்லை. உள்ளே ஈரம் இருந்தால் சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். காலையிலேயே வாடி நின்றால் அது வேறு விஷயம், உடனே கவனிக்க வேண்டும்.

மதியத்தில் இலை மேல் விழும் நீர்த்துளி கண்ணாடி வில்லை மாதிரி வேலை செய்து இலையைக் கருக்கிவிடும் என்று சொல்வார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2010ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழவழப்பான இலைகளில் அப்படிக் கருகவில்லை, மெல்லிய முடி உள்ள இலைகளில், துளி முடியின் மேல் தூக்கி நிற்கும்போது மட்டும் அது சாத்தியம் என்று தெரிந்தது. அதனால் மதியத்தில் ஊற்ற வேண்டாம் என்பதற்குச் சரியான காரணம் இது இல்லை. ஊற்றுகிற நீரில் கணிசமான பங்கு வேருக்குப் போவதற்குள் ஆவியாகிவிடும் என்பதுதான் காரணம். விடியற்காலை நல்ல நேரம். அது முடியாதவர்கள் சாயங்காலம் ஊற்றலாம், ஆனால் இலையை நனைக்காமல் அடிமண்ணுக்கு மட்டும், ஏனென்றால் ராத்திரி முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும்.

இன்னொன்று, தினமும் மேலாகத் தெளித்துவிட்டுப் போவது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், அந்த மேல்மண்தான் முதலில் காயும் இடம். தரையில் இருக்கும் செடிகளுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக, மெதுவாக இறங்கும்படி ஊற்றுவது நல்லது. தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் மண் கொஞ்சம்தான், கடும் வெயிலில் தினமும் பார்க்க வேண்டும். தொட்டி மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஊற்றிய நீர் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும், நாம் நிறைய ஊற்றிவிட்டோம் என்று திருப்தியாகப் போய்விடுவோம். அப்படி ஆன தொட்டியை அப்படியே ஒரு வாளி நீரில் இறக்கி வையுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை, அப்புறம் எடுத்து வடியவிடுங்கள்.

மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு போடாமல் விடுவது பெரிய தப்பு, போட்டதைத் தண்டோடு சேர்த்துக் குவிப்பது அதைவிடப் பெரிய தப்பு. காய்ந்த இலையோ வைக்கோலோ ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டுவிட வேண்டும். வெயிலில் வாடும் செடிக்குச் சத்து போதவில்லை என்று உரம் போடுவதும், விடுமுறை கிடைத்ததே என்று கடும் வெயிலில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதும் வேண்டாம். காய்ந்த மண்ணில் போட்ட ரசாயன உரம் வேரைக் கருக்கும், வெட்டிய கிளையால் இதுவரை நிழலில் இருந்த இலையும் பட்டையும் திடீரென்று வெயிலைப் பார்க்கும். தக்காளி பூவாகக் கொட்டுகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு ஆறுதல்: பகல் சூடு 35 டிகிரி பக்கம் போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, அதனால் பூ உதிரும், கொஞ்சம் குளிர்ந்ததும் திரும்பப் பிடிக்கும்.

தோட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் ஹோஸ் பைப்பை மறக்காதீர்கள். வெயிலில் கிடந்த பைப்புக்குள் தேங்கிய நீர் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகியிருக்கும். முதலில் தரையில் ஓடவிட்டு, கையை வைத்துப் பார்த்த பிறகுதான் குழந்தை மேல் அடிக்க வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் பிசகும் இதே வகைதான். புழுக்கமாக இருக்கிறது என்று பட்டப்பகலில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்போம். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் சூட்டைத்தான் உள்ளே அழைக்கிறோம். ராத்திரியும் விடியற்காலையும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வீட்டை நன்றாகக் குளிரவிட்டு, வெயில் ஏற ஆரம்பித்ததும் மூடிவிட வேண்டும். திரைச்சீலை உள்ளே தொங்குவதைவிட வெளியே ஒரு தட்டியோ துணியோ கட்டுவது பல மடங்கு பலன் தரும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் ஏற்கனவே வீட்டுச் சூடாகிவிட்டது.

ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடவிடுவதில் பயனே இல்லை. ஃபேன் அறையைக் குளிர்விக்காது, வியர்வையை ஆற்றி நம்மைத்தான் குளிர்விக்கும், அதன் மோட்டார் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கவும் செய்யும். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்று உடலை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த மாதிரி நாளில் ஈரத்துணியும், அடிக்கடி குளிப்பதும், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் எல்லாரும் சேர்ந்து இருப்பதும்தான் வழி.

விருந்தாளிகள் விஷயம். மதிய விருந்துக்குக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். சமைப்பவர் அடுப்பின் முன் வெந்து, வந்தவர் வழியில் வெந்து, சாப்பிட்டதும் எல்லாருக்கும் அசதி. கோடையில் காலைச் சாப்பாட்டுக்கோ ராத்திரிக்கோ கூப்பிட்டுப் பாருங்கள், ஆட்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று தெரியும். சமைத்ததை வெளியே வைக்கும் நேரத்தில் மட்டும் தயவுசெய்து கறாராக இருங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும், அதனால் சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காற்றே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் கிருமி பலவற்றுக்கு வாசனையே இருக்காது. மிச்சத்தைப் பெரிய பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி குளிர ரொம்ப நேரம் ஆகும், ஆழமில்லாத சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

வந்திருக்கும் பெரியவர்களிடம் "தாகமா இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடுகிறோம். வயதாக ஆக தாக உணர்வே குறைந்துபோகும். கேட்க வேண்டாம், கையில் டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். (இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.) யாராவது வெயிலுக்குப் பின் குழம்பிப் பேசினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால், படுத்து ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடக்கூடாது. அது வெப்பத் தாக்காக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. அவசர உதவிக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை காத்திருக்காமல் உடனே நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு விஷயங்களை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ஒன்று தண்ணீர். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும், சில சென்டிமீட்டர் ஆழமே அதற்குப் போதும். பத்துப் பெரியவர்கள் சுற்றி இருந்தால்தான் ஆபத்து இன்னும் கூடும், ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள், முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக்கூடாது. விளையாடி முடித்ததும் ரப்பர் குளத்தைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டாவது கார். நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்குச் சூடேறும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது, குழந்தையின் உடம்போ பெரியவர் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். "ரெண்டே நிமிஷம்" என்பதற்கு இங்கே இடமே கிடையாது.

சன்ஸ்கிரீன் பூசுபவர்கள் வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டு பூசுகிறார்கள். கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும், தண்ணீரில் இருந்து ஏறினால் உடனேயும். மேகமாக இருக்கிறதே என்று விட வேண்டாம், கதிரில் பெரும்பகுதி மெல்லிய மேகத்தைத் தாண்டி வந்துவிடும். நாயோடு நடக்கப் போகுமுன் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

சாயங்காலம்தான் இந்த நாட்களின் பரிசு. அந்த நேரத்தில் கொசு வந்து எல்லாரையும் உள்ளே விரட்டிவிடுவதுதான் பெரிய சோகம். கொசு முட்டையில் இருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, பூவாளி, பறவைக்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் கொட்டிக் காயவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உயிரோடு இருக்கும், அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் ஒரு டேபிள் ஃபேனை வெளியே கொண்டுவந்து கால் பக்கமாகத் திருப்பி வையுங்கள். கொசு பலமாகப் பறக்கும் பூச்சி இல்லை, அந்தக் காற்றை எதிர்த்து அதனால் வர முடியாது. சுவர் சூட்டை விட்டு முடிக்கும் வரை உள்ளே போவதற்கு அவசரமும் இருக்காது.