நடையை மாத்திரை மாதிரி விழுங்காதீர்கள்: 60க்கு மேல் செய்யும் தவறுகள்

காதில் செய்தி, கையில் போன், கண் முழுக்க ஸ்டெப் கணக்கில். பூங்காவை 4 சுற்று சுற்றி வந்தவரிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. மனதுக்கு எதுவும் சேராத நடை சீக்கிரமே சலித்துவிடும். ஒரு மழை நாள் சாக்கு போதும், நின்றுபோகும்.

முதல் 10 நிமிடம் போன் பைக்குள் இருக்கட்டும். தினம் 3 விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: வேப்பம்பூ வாசனை, ஒரு வாசலில் ஈரம் காயாத கோலம், டீக்கடையில் ஆற்றும்போது எழும் நுரை. அங்கேயே நின்று 2, 3 மூச்சு விடும் நேரம் அதிலேயே இருங்கள். வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போதுதான் நினைவில் நன்றாகப் பதியும்.

இன்னொரு தவறு நம் பழக்கத்திலேயே ஊறியது. பேத்தி போனில் பாடிக் காட்டுகிறாள், முகம் மலர்கிறது, உடனே "எத்தனை நாளைக்கோ, கண் பட்டுடப் போகுது" என்று அந்த மகிழ்ச்சியை நாமே கெடுத்துவிடுகிறோம். கண்ணேறு பயம் இருந்தால் வெளியே சொல்ல வேண்டாம். மனதுக்குள்ளாவது அந்தச் சந்தோஷத்தை முழுசாக இருக்க விடுங்கள்.

நடை மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனம், 65 வயதுக்கு மேல் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியையும் வாரம் 3 நாளாவது செய்யச் சொல்கிறது. தொடை வலு குறைந்தாலும் எழும்போது தடுமாறுவோம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும். பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழுங்கள். 3 எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். 8 முறை செய்தால் ஒரு சுற்று. இரண்டு சுற்று போதும். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் இறங்கும்போதும் தசை வேலை செய்கிறது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கலாம்.

இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப்பையில் 3, 4 இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவர்கள் மறுநாளே பழைய தூரத்தை நடக்கப் பார்ப்பார்கள். பாதியில் திரும்பிவிடுங்கள். மறுநாளும் உடம்பு களைக்காமல் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.