அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைந்தபோது

என் தங்கை இங்கிலாந்தில் படிக்க விசா போட்டபோது, காட்ட வேண்டிய பணம் அப்பா கணக்கில் இருந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணம். பெற்றோர் கணக்கைக் காட்டலாம். உறவை நிரூபிக்கப் பிறப்புப் பத்திரமும் சம்மதக் கடிதமும் வேண்டும். பத்திரத்தை விரித்தால் அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'ஏ' (A) இல்லை. அடையாளக் கார்டில் இருக்கிறது, வங்கிப் புத்தகத்திலும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு.

பத்திரத்தைத் திருத்த நேரமில்லை. சத்தியப் பிரமாண ஆணையரிடம் அப்பாவை அழைத்துப் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி சூராட் அக்குவான் என்னும் உறுதிமொழி ஆவணம் எடுத்தோம். இரண்டு எழுத்துக்கூட்டலும் அடையாளக் கார்டு எண்ணும் அதில் அப்படியே இருக்க வேண்டும். அப்பா ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார். மலாய் மொழியில் உள்ள பிறப்புப் பத்திரத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தோம்.

பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். மலேசியர்கள் இவற்றை விண்ணப்பத்தோடு அனுப்பக் கட்டாயமில்லை என்பதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், விசா அதிகாரிகள் பிறகு கேட்கக்கூடும். காசநோய்ப் பரிசோதனைக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சான்றிதழ் 6 மாதம் செல்லும், அதை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.