கியூப் டெஸ்ட் ரிஜிஸ்டரை எக்செல்லில் அலசுவது எப்படி? எம்25 காங்கிரீட்டை வைத்து ஒரு செய்முறை

சிவில் முடித்துவிட்டு வரும் தம்பி, தங்கைகள் முதலில் கேட்பது, "ஸ்டாட் ப்ரோ படிக்கட்டுமா, ஈடாப்ஸ் படிக்கட்டுமா?" என்றுதான். இரண்டும் கட்டட டிசைன் மென்பொருள்கள், தாராளமாகப் படியுங்கள். ஆனால் சைட்டில் சேர்ந்ததும் உங்கள் கைக்கு வரப்போவது பெரும்பாலும் கியூப் ரிஜிஸ்டர், அதாவது காங்கிரீட்டைக் கனசதுர அச்சில் வார்த்து, பிறகு மெஷினில் நொறுக்கி வலிமை பார்த்த பதிவேடு. காஸ்டிங் (வார்த்த) தேதி, இடம், மூன்று லோடு (கியூப் உடைந்த விசை), சராசரி, கடைசிக் கட்டத்தில் "ஓகே". அந்த ஓகே எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். "25-க்கு மேல வந்திருக்கே சார்" என்பார்கள். எம்25 காங்கிரீட்டை (28-ஆம் நாள் வலிமை சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன்) ஏற்கலாமா வேண்டாமா என்பதற்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி (கோட்) ஐ.எஸ். 456:2000 வைத்திருக்கும் சோதனை அது இல்லை. எல்லா முடிவும் 25-க்கு மேல் இருந்தும் தோற்கலாம். ஒன்று 25-க்குக் கீழே போயும் தேறலாம். இந்தப் பதிவில் நாம் கட்டப்போகும் ஷீட் இரண்டையும் காட்டும்.

எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், கூகுள் ஷீட்ஸும் போதும். இங்கே சொல்லும் பங்ஷன்கள் மூன்றிலும் உண்டு. கீழே வரும் கியூப் எண்கள் எந்த சைட்டுடையதும் அல்ல, பழகுவதற்காக நான் போட்டவை.

படி 1: தலைப்புகள்

முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை இடமிருந்து வலமாக அடியுங்கள்: சாம்பிள் எண், காஸ்டிங் தேதி, இடம், கிரேடு, டெஸ்ட் தேதி, வயது, எடை-1, எடை-2, எடை-3, லோடு-1, லோடு-2, லோடு-3. மூன்று கியூப் சேர்ந்தது ஒரு சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு ஒரே ஒரு வரிசை.

செல்களை மெர்ஜ் செய்யாதீர்கள். அழகுக்காக நடுவில் காலி வரிசை விடாதீர்கள். லோடு கட்டத்தில் "640 கே.என்." என்று அடிக்காமல் 640 மட்டும் போடுங்கள், அலகு தலைப்பில் இருந்தால் போதும். எண்ணோடு எழுத்து சேர்ந்தால் எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து, கூட்டவும் முடியாது, சராசரி எடுக்கவும் முடியாது.

எத்தனை சாம்பிள் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஐ.எஸ். 456 கணக்குப்படி ஒரு கிரேடுக்கு 1 முதல் 5 கன மீட்டர் வரை 1 சாம்பிள், 6–15 வரை 2, 16–30 வரை 3, 31–50 வரை 4. அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் 50 கன மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று கூட வேண்டும். 40 கன மீட்டர் ஸ்லாப் என்றால் 4 சாம்பிள், அதாவது 28-ஆம் நாளுக்கு மட்டும் 12 கியூப். 7-ஆம் நாள் கியூப்கள் தனி.

படி 2: தேதியைச் சரியாக வாங்க வைப்பது

சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். நாம் 05.03.2025 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். பல கம்ப்யூட்டர்களில் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது. 05/03/2025 என்று அடித்தாலோ, கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். தேதி செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றால் தேதியாக ஏற்றிருக்கிறது. இடது ஓரத்தில் நின்றால் எழுத்தாகக் கிடக்கிறது. சந்தேகமே வேண்டாம் என்றால் மாதத்தை எழுத்தில் காட்டும் ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

வயது கட்டத்தில் சமக்குறி தட்டி, டெஸ்ட் தேதி செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, காஸ்டிங் தேதி செல்லைக் கிளிக் செய்யுங்கள். 28 வர வேண்டும். 26, 31 என்றெல்லாம் வந்தால் இந்த வேலையின் முதல் கண்டுபிடிப்பு அதுதான். கியூப் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி லேபுக்குப் போயிருக்கும்.

7-ஆம் நாள் முடிவையும் 28-ஆம் நாள் முடிவையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். வயதை வைத்து ஃபில்டர் போட்டு, 28 நாள் வரிசைகளைத் தனி ஷீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: லோடிலிருந்து வலிமை

கியூப் 150 மி.மீ. பக்கம் கொண்டது, பரப்பு 22,500 சதுர மி.மீ. லோடு கிலோ நியூட்டனில் இருந்தால் 1000-ஆல் பெருக்கி 22,500-ஆல் வகுக்க வேண்டும், சுருக்கமாக, 22.5-ஆல் வகுத்தால் போதும். 640 என்றால் 28.44 நியூட்டன்/சதுர மி.மீ.

மூன்று லோடுக்கும் பக்கத்திலேயே வலிமை-1, வலிமை-2, வலிமை-3 என்று கட்டம் போட்டு, சமக்குறி, லோடு செல்லில் கிளிக், வகுத்தல் குறி, 22.5 என்று அடியுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு வந்துவிடும்.

பழைய மெஷின் சிலவற்றில் டயல் டன்னில் காட்டும். 1 டன் விசை 9.81 கிலோ நியூட்டன். ஒரே லோடு கட்டத்தில் 640-ம் 65-ம் கலந்து கிடந்தால் இதுதான் காரணமாக இருக்கும், கியூப் நொறுங்கிவிட்டதே என்று பதற வேண்டாம்.

படி 4: மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா?

ஆவரேஜ் பங்ஷன் போட்டு மூன்று வலிமைகளின் சராசரியை எடுங்கள். பக்கத்தில் கீழ் வரம்பு (சராசரி பெருக்கல் 0.85), மேல் வரம்பு (சராசரி பெருக்கல் 1.15) என இரண்டு கட்டம். தனிக் கியூப் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. மூன்றில் சிறியது கீழ் வரம்புக்குக் கீழே போனாலும், பெரியது மேல் வரம்பைத் தாண்டினாலும் "செல்லாது" என்று காட்டும்படி இஃப் பங்ஷன் எழுதுங்கள். மின், மேக்ஸ் இரண்டும் துணைக்கு வரும்.

லோடு 700, 690, 480 என்று போட்டுப் பாருங்கள். வலிமை 31.11, 30.67, 21.33. சராசரி 27.70, கீழ் வரம்பு 23.55. மூன்றாவது கியூப் வெளியே விழுகிறது. இந்த இடத்தில் சைட்டில் ஒரு கைவேலை நடக்கும்: அந்த 21.33-ஐ அடித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரி என்று 30.89-ஐ எழுதுவார்கள். கோட் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சாம்பிளே செல்லாது. அதனால்தான் சராசரியை மட்டும் ஏற்றாமல் மூன்று லோடையும் தனித்தனியாக ஏற்றச் சொன்னேன்.

படி 5: நான்கு நான்காகப் பார்ப்பது

எம்25 என்றால் 28-ஆம் நாளில் 100 முடிவுகளில் 5-க்கு மேல் 25-க்குக் கீழே போகக் கூடாது என்று பொருள். ஒன்றுகூடப் போகக் கூடாது என்று அல்ல. இந்தக் கருத்தை எளிதாகச் சோதிக்க, திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 இரண்டு நிபந்தனை வைக்கிறது. தனிச் சாம்பிள் முடிவு எதுவும் 25 − 3 = 22-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்தடுத்த நான்கு சாம்பிள்களின் சராசரி, 25 + 3 அல்லது 25 + 0.825 மடங்கு திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு; பெருக்கி வருவதை 0.5-க்கு முழுமையாக்கி), இதில் எது பெரியதோ அதைத் தொட வேண்டும். திட்ட விலக்கம் இன்னும் கையில் இல்லையென்றால் எம்20, எம்25-க்கு 4.0 என்று எடுத்துக்கொள்ளலாம். 0.825 × 4 = 3.3, முழுமையாக்கினால் 3.5. ஆக வேண்டியது 28.5.

இப்போது எட்டுச் சாம்பிள் முடிவுகளை வரிசையாக ஏற்றுங்கள்: 24.1, 31.5, 30.6, 31.0, 29.5, 30.2, 27.1, 26.0.

முதல் நான்கின் சராசரி 29.3. தேறியது, 24.1 இருந்தும் தேறியது. அடுத்த நான்கும் 25-க்கு மேலே. சராசரி 28.2. தேறவில்லை. ரிஜிஸ்டரில் முதலாவதற்குச் சிவப்பு மையும் இரண்டாவதற்கு "ஓகே"யும் விழுந்திருக்கும்.

ஃபார்முலாவை இழுக்கும்போது கவனம். கீழே இழுத்துக்கொண்டே போனால் 1–4, 2–5, 3–6 என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சராசரிகள் வரும். கோட் கேட்பது 1–4, 5–8, 9–12 என்று தனித்தனிக் குழு. 3–6 எடுத்தால் 30.3, 4–7 எடுத்தால் 29.45, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வழி ஏற்பட்டுவிடும். எனவே நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வரிசைகளில் மட்டும் ஃபார்முலாவை வையுங்கள்.

படி 6: திட்ட விலக்கம்

எஸ்டிடெவ் பங்ஷன் இரண்டு வடிவில் வரும்: பெயரின் முடிவில் எஸ் உள்ளது, பி உள்ளது. நமக்கு எஸ் வேண்டும். அது எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறது, கோடும் அப்படித்தான் வகுக்கிறது. மேலே உள்ள எட்டு எண்களுக்கு 2.69 வர வேண்டும். 2.52 வந்தால் பி வடிவத்தைத் தட்டிவிட்டீர்கள்.

அடடா, 4.0-க்குப் பதில் 2.69 இருக்கிறதே என்று அதைப் படி 5-ல் போட்டால் என்ன ஆகும்? 0.825 × 2.69 = 2.22, முழுமையாக்கினால் 2. அதைவிட 3 பெரியது, எனவே வேண்டியது 28. இரண்டாம் குழுவின் 28.2 தேறிவிடும்! எட்டு முடிவுகளை வைத்துத் தோற்ற குழுவைத் தேற்றிவிட்டோம். இதைத் தடுக்கத்தான் குறைந்தது 30 சாம்பிள் வந்த பிறகே சொந்தத் திட்ட விலக்கத்தை எடுக்கச் சொல்கிறார்கள். கவுண்ட் பங்ஷன் 30-ஐத் தொடும்வரை 4.0-ஐயே பயன்படுத்தும்படி இஃப் போட்டுவிட்டால், பின்னால் யாரும் ஆசைப்பட வழியில்லை.

இந்த எண்ணில் காசும் இருக்கிறது. ஐ.எஸ். 10262:2019-இன்படி மிக்ஸ் டிசைனில் (கலவை விகிதத்தை முடிவு செய்வதில்) குறிவைக்கும் சராசரி, 25 + 1.65 மடங்கு திட்ட விலக்கம் அல்லது 25 + 5.5, எது பெரியதோ அது. விலக்கம் 5 என்றால் 33.25, 4 என்றால் 31.6. வேலை சீராக நடந்தால் குறைந்த சிமென்டில் ஒப்பேற்றலாம். ஆனால் விலக்கம் 3.33-க்குக் கீழே போனால் அதற்கு மேல் லாபமில்லை, 30.5 என்ற தரையில் வந்து நின்றுவிடும்.

படி 7: படம் வரையுங்கள்

காஸ்டிங் தேதியையும் சாம்பிள் சராசரியையும் தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போடுங்கள். கூடவே 25 என்றும் 22 என்றும் நிரம்பிய இரண்டு கட்டங்களைச் சேர்த்தால் படத்தில் இரண்டு கிடைக்கோடுகள் கிடைக்கும்.

நம் எட்டு எண்களைப் படமாகப் பார்த்தால் இரண்டு வேறு கதைகள். 24.1 தனியாக ஒரு பள்ளம், அடுத்ததே 31.5. இப்படித் தனித்து விழுந்தால் முதலில் அந்தக் கியூபைச் சந்தேகப்படுங்கள். அச்சில் சரியாகக் குத்தினார்களா, மறுநாள் தண்ணீரில் போட்டார்களா? எடைக் கட்டம் இங்கே உதவும். 2400 கிலோ/கன மீட்டர் காங்கிரீட்டில் ஒரு கியூப் 8.1 கிலோ இருக்கும். 7.7, 7.8 என்று நின்றால் உள்ளே காற்று. எடையையும் வலிமையையும் ஸ்கேட்டர் சார்ட்டில் போட்டால் இது பளிச்சென்று தெரியும்.

30.2, 27.1, 26.0 என்று படிப்படியாக இறங்குவது வேறு சங்கதி. அங்கே பொருள் மாறியிருக்கிறது. மழைக்காலம் என்றால் முதலில் எம்-சாண்ட் குவியலைப் போய்ப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர், 700 கிலோ மணல் என்று வைத்துக்கொள்வோம். மணலில் 5 சதவீத ஈரம் இருந்து அதைக் கழிக்காவிட்டால் சுமார் 35 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போகிறது. 0.50 ஆக இருக்க வேண்டிய நீர்-சிமென்ட் விகிதம் 0.61 ஆகிவிடும். குழு தோற்றதற்கு அதுவே போதும்.

இன்னொரு வகைப் படமும் வரும்: மாதக் கணக்கில் கோடு ஆடாமல் அசையாமல், திட்ட விலக்கம் 0.6. சந்தோஷப்படாதீர்கள். கையால் கலந்து கையால் குத்தும் எந்த சைட்டிலும் காங்கிரீட் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. டிஜிட்டல் மெஷின் லோடுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் தனியே பிரித்து எண்ணிப் பாருங்கள். எல்லாம் 0-விலும் 5-லும் முடிந்தால் அந்த எண்கள் மெஷினிலிருந்து வந்தவையா, மேசையிலிருந்து வந்தவையா என்று கேட்கலாம். டயல் மெஷின் என்றால் இந்தச் சோதனை பொருந்தாது. டயலை அப்படித்தான் வாசிப்பார்கள்.

குழு தோற்றால்?

ஷீட் சிவப்புக் காட்டியதும் இடித்துவிடச் சொல்லப்போவதில்லை. வழக்கமாக அடுத்த கட்டம் ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை (இரண்டும் உடைக்காமல் பார்ப்பவை), பிறகு கோர் எடுப்பது, அதாவது காங்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுப்பது. கோர் குறைந்தது மூன்று. அவற்றின் கியூபுக்கு இணையான வலிமை சராசரியாக கிரேடில் 85 சதவீதம், தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எம்25-க்கு 21.25, 18.75.

எங்கே துளைப்பது என்று கேட்பார்கள். "இடம்" கட்டத்தில் "முதல் மாடி" என்று மட்டும் இருந்தால் உங்களால் விரல் காட்ட முடியாது. "முதல் மாடி, கிரிட் சி-4 தூண், இரண்டாவது லாரி" என்று காஸ்டிங் அன்றே அடித்து வையுங்கள்.