கேம்பர் டிரெய்லருக்கு எந்த பிரேக்? முதலில் எடை போட்டுப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஹோத்தம் மலையிலிருந்து ஹாரியட்வில் பக்கம் இறங்கும்போதுதான், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் என் கேம்பர் டிரெய்லரின் (கூடாரம், சாமான் ஏற்றிய முகாம் வண்டி) பிரேக் கருகும் வாசனை வந்தது. நான் தப்பாக எதுவும் செய்யவில்லை, இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயேதான் இறங்கினேன். கோளாறு அங்கேதான். என்னுடையது ஓவர்ரைடு பிரேக். டிரெய்லர் காரை முன்னால் தள்ளினால் கப்ளிங் (காரோடு டிரெய்லரை இணைக்கும் பகுதி) உள்ளே நகர்ந்து பிரேக்கை அழுத்தும். கார் மெதுவாக இறங்க இறங்க டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் மலையடி வரை உரசிக்கொண்டே இருக்கும். இதே பிரேக்கோடு மேட்டில் ரிவர்ஸ் எடுக்கப் போனால், வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் கப்ளிங்கில் தடுப்பைப் போட்டுவிட்டு வர வேண்டும். மழையில் செய்து பாருங்கள், தெரியும்.

சரி, மாற்றலாம் என்றால் கடைக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ், கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டிரெய்லரின் விவரத் தகட்டில் இரண்டு எண் இருக்கும்: ஏடிஎம் (பணம் எடுப்பது இல்லை) என்பது காரிலிருந்து கழற்றிய நிலையில் டிரெய்லரின் மொத்த எடைக்கான உச்சவரம்பு, ஜிடிஎம் என்பது காரில் மாட்டியிருக்கும்போது டிரெய்லரின் சக்கரங்கள் மேல் இறங்கும் எடைக்கானது. ஆஸ்திரேலிய விதி ஜிடிஎம்மைத்தான் பார்க்கிறது. ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) டிரெய்லர் 750 கிலோ வரை என்றால் பிரேக்கே கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை குறைந்தது ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும், ஓவர்ரைடு போதும். 2000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும், டிரெய்லர் கழன்று போனால் தானாகப் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்க வேண்டும்.

ஒன்றரை டன் சுமாருக்கு ஒற்றை ஆக்சில் கேம்பர் வைத்திருக்கிறீர்களா? என் கருத்தில் எலெக்ட்ரிக் டிரம் (மின்சாரம் பாயும் மேக்னெட் ஷூவை டிரம்மில் அழுத்த வைக்கும் பிரேக்) போதும், ரிம் இடம் கொடுத்தால் 12 அங்குலம், சின்ன ரிம் என்றால் 10. கூடவே காரில் ஒரு கன்ட்ரோலர், பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அளந்து அனுப்பும் கருவி. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் அந்தக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி டிரெய்லரை மட்டும் பிடிக்கலாம், ஆட்டம் அடங்கும். ஓவர்ரைடில் இது நடக்காது. டிஸ்க் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு: எலெக்ட்ரிக்கில் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் ஒன்று முன்சட்டத்தில் உட்காரும், டிஸ்க்குக்கு 1600 பிஎஸ்ஐ அழுத்தம் தருவதாகப் பார்த்து வாங்க வேண்டும், உங்கள் கன்ட்ரோலர் அதோடு ஒத்துப்போகுமா என்றும் கேட்க வேண்டும். இரண்டரை டன் கேரவனை இழுத்துக்கொண்டு அடிக்கடி மலை ஏறி இறங்குபவர்களுக்கு அந்தச் செலவு தகும். மற்றவர்களுக்கு வீண்.

வாங்கும் முன் ஆக்சிலைப் பாருங்கள். பிரேக் தட்டை (ஷூவும் மேக்னெட்டும் உட்காரும் தட்டு) மாட்டும் ஃபிளாஞ்ச், அதாவது துளையிட்ட இரும்பு விளிம்பு, இருக்கிறதா, அதில் எத்தனை துளை, பேரிங் என்ன அளவு, சக்கரத்தில் ஐந்து போல்ட்டா ஆறா. டிரம், சக்கரத்தை போல்ட்டில் மாட்டும் ஹப்போடு சேர்ந்தே வரும், அதனால் காரின் ஸ்பேர் டயரே டிரெய்லருக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்தால் லாபம். ஹேண்ட்பிரேக் நெம்புகோல் உள்ள தட்டுதானா என்றும் கேளுங்கள், இல்லாத ரகமும் விற்கிறார்கள். அப்புறம் நகரும் பழைய கப்ளிங்கை எடுத்துவிட்டு நிலையான ஒன்றைப் போட வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது வயரிங்கில். ஒவ்வொரு மேக்னெட்டும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், இரண்டு சக்கரத்துக்கு 6. கன்ட்ரோலரை முழுதாக வைத்து, பிரேக்குக்குப் போகும் நீல வயரில் மீட்டரைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு 4 கூட வரவில்லை. பிரேக்கே மட்டம் என்று கடைக்காரரைத் திட்டத் தயாராகிவிட்டேன். கடைசியில் பார்த்தால் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன், உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மாட்டினேன், எண் ஏறியது. மெல்லிய வயர் போட்டாலும் இதே கதைதான்.

மாட்டியவுடன் முழுப் பிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆளில்லாத சாலையில் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி 65 கி.மீ. வேகத்திலிருந்து 30க்கு, சூடு ஆற இடைவெளி விட்டு, இருபது முப்பது தடவை இறக்குங்கள். ஷூவும் மேக்னெட்டும் அப்போதுதான் படியும். அதன்பின் சரளைச் சாலையில் மெதுவாகப் போய் அழுத்திப் பாருங்கள், சக்கரம் பூட்டிக்கொண்டால் கன்ட்ரோலரைக் கொஞ்சம் குறையுங்கள். 300 கி.மீ. ஓடியதும் ஜாக்கி வைத்து, தட்டின் பின்பக்கத் துளை வழியே ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை, டிரெய்லர் சக்கரம் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, லேசாக மட்டும் உரசும் வரை தளர்த்திவிடுங்கள்.