ஒப்பீட்டுச் சாதகம்: வகுத்தல் சரி, விடை தலைகீழ்

போன வாரம் பன்னாட்டு வணிகப் பாடத்தின் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி ஒப்பீட்டுச் சாதகம் பற்றியது: எந்த நாடு எந்தப் பொருளை மற்ற நாட்டைவிடக் குறைவாக இழந்து செய்கிறது, அதனால் எதை விற்க வேண்டும்? போர்ச்சுகல்தான் ஒயினை விற்க வேண்டும், ஆனால் 28 தாள்களில் 11-ல் இங்கிலாந்து போர்ச்சுகலுக்கு ஒயின் ஏற்றுமதி செய்தது. கணக்கில் ஒரு பிழைகூட இல்லை. நானும் மாணவனாக இருந்தபோது இதே விடையை இதே நிம்மதியோடு எழுதிவிட்டு வந்தவன். அதனால் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போக மனம் வரவில்லை.

நாட்டின் பெயரை மாற்றி எழுதுவது, தசமப் புள்ளியை விடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை இரண்டு முறை பட்டால் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிப் போவதில்லை.

எண் எதைச் சொல்கிறது என்று பார்க்காமல் வகுப்பது

இந்தக் கருத்தை விளக்க ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், அதே ஒயினுக்கு 80 பேர். அந்த அளவை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கும் ஆள்கணக்கு, அதாவது செலவு. எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது. போர்ச்சுகல் இரண்டு வேலையையும் குறைந்த ஆட்களோடு முடித்துவிடுகிறது. முழுச் சாதகம், அதாவது ஒரு பொருளைக் குறைந்த உழைப்பில் செய்யும் திறன், இரண்டிலும் அதற்கே. (இங்கிலாந்துதானே தொழிலில் முன்னேறிய நாடு, இது அச்சுப்பிழையாக இருக்கும் என்று எண்களை இடம் மாற்றிய மாணவர்களும் உண்டு. பிழை இல்லை. தன் நாட்டை இரண்டிலும் பின்தங்க வைத்துத்தான் ரிக்கார்டோ வாதத்தைக் கட்டினார்.)

அடுத்தது வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடும் மற்றது. போர்ச்சுகலில் ஓர் அலகு ஒயினில் இறங்கிய 80 பேரைத் துணிக்கு அனுப்பியிருந்தால் 80/90, கிட்டத்தட்ட 0.89 அலகு துணி கிடைத்திருக்கும். இங்கிலாந்தில் ஒயினுக்குப் போகும் 120 பேர் 1.2 அலகு துணி நெய்திருப்பார்கள். ஒயினுக்காகக் கைவிடும் துணி போர்ச்சுகலில் குறைவு. ஆகவே போர்ச்சுகலுக்கு ஒயின், இங்கிலாந்துக்குத் துணி.

இப்போது அதே எண்களை விளைச்சல் என்று நினைத்துப் படியுங்கள். ஒரே அளவு உழைப்பில் இங்கிலாந்து 100 துணி அல்லது 120 ஒயின், போர்ச்சுகல் 90 துணி அல்லது 80 ஒயின். இங்கிலாந்தில் ஓர் ஒயினுக்கு 100/120, அதாவது 0.83 துணி. போர்ச்சுகலில் 90/80, அதாவது 1.125 துணி. ஒயின் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. முழுச் சாதகமும் கூடவே கிளம்பி இரண்டிலும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது என்னவென்றால், இந்தத் தவறு எங்கேயும் தன்னைக் காட்டிக்கொடுக்காது. சரியான கணக்கில் ஓர் ஒயினின் விலை, துணியில் சொன்னால், 0.89-க்கும் 1.2-க்கும் நடுவே அமைய வேண்டும். தவறான கணக்கில் 0.83-க்கும் 1.125-க்கும் நடுவே. ரிக்கார்டோ எடுத்துக்கொண்ட ஒன்றுக்கு ஒன்று என்ற வீதம் இரண்டிலும் பொருந்திவிடும்! தேர்வில் நான் அப்படித்தான் சரிபார்த்தேன். 1 உள்ளேதான் இருக்கிறது, சரி என்று பேனாவை மூடி வைத்தேன். அந்தக் கேள்வியின் ஐந்து உட்பிரிவுகளும் முதல் வரியை நம்பி நின்றவை. ஐந்தும் போயின.

இதற்குப் பின்னால் ஒரு மனப்பாடம் இருக்கிறது. "எந்தப் பொருளின் வாய்ப்புச் செலவு வேண்டுமோ அதன் எண்ணைக் கீழே போடு, மற்றதை மேலே போடு" என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். விளைச்சல் அட்டவணைக்கு அது சரி. செலவு அட்டவணையில் அதைப் போட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும். அட்டவணைக்கு ஒன்று என்று இரண்டு விதி சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். எது எதற்கு என்பது தேர்வு அறையில் குழம்பிவிடுகிறது. விதியை விடுங்கள். ஆட்களை நகர்த்திப் பாருங்கள்: இந்த வேலையில் இருப்பவர்களை அந்த வேலைக்கு அனுப்பினால் அங்கே எவ்வளவு கிடைக்கும்? அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

சரிபார்ப்பதையும் ஆள்கணக்கிலேயே செய்யுங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போர்ச்சுகல் 80 பேர் செய்த ஒயினைக் கொடுத்து, தான் செய்திருந்தால் 90 பேர் பிடித்திருக்கும் துணியை வாங்குகிறது. 10 பேரின் உழைப்பு மிச்சம். இங்கிலாந்து 100 பேரின் துணியைக் கொடுத்து, தனக்கு 120 பேர் பிடித்திருக்கும் ஒயினை வாங்குகிறது. 20 பேர் மிச்சம். திசையை மாற்றிப் பாருங்கள். போர்ச்சுகல் 90 பேரின் துணியைக் கொடுத்து, தானே 80 பேரை வைத்து முடித்திருக்கக்கூடிய ஒயினை வாங்கும். இரண்டே வரியில் நஷ்டம் வெளியே வந்துவிடும்.

கேள்வி தயாரிப்பவர்களுக்கும் ஒன்று. பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில் அலகு எழுதாமல் ஓர் அட்டவணை கொடுத்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் விடை சொன்னது. இரண்டு பக்கமும் சரி. தலைப்பில் "ஓர் அலகுக்குத் தேவையான ஆட்கள்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகியிருக்காது.

ஒரே நாட்டுக்கு இரண்டு பொருளிலும் ஒப்பீட்டுச் சாதகம் என்று எழுதுவது

முடியாது. ஒன்றின் வாய்ப்புச் செலவு குறைந்தால் மற்றதன் செலவு கூடியே தீரும்.

இரண்டு நாட்டிலும் விகிதம் ஒரேபோல இருப்பதைக் கவனிக்காதது

ஒரு நாடு இரண்டு பொருளிலும் சரியாக இரண்டு மடங்கு திறமையானது என்றால், இந்தக் கணக்கில் வணிகத்துக்குக் காரணம் இல்லை.

நடுப்புள்ளியை விலையாக அறிவிப்பது

0.89-க்கும் 1.2-க்கும் நடுவில் வரும் எண்ணைக் கண்டுபிடித்து, "இதுவே வாணிப வீதம்", அதாவது ஒயினும் துணியும் கைமாறும் விலை, என்று முடிக்கிறார்கள். வாய்ப்புச் செலவுகள் எல்லைகளை மட்டுமே தருகின்றன. எல்லைக்குள் விலை எங்கே நிற்கும் என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் மற்றதன் பொருள் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது. இந்த இடைவெளியை நிரப்பியவர் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்; அவருடைய விளக்கம் 1844-ல்தான் அச்சில் வந்தது. விலை ஓர் எல்லையை ஒட்டி நின்றால் லாபம் ஏறக்குறைய முழுவதும் ஒரே நாட்டுக்குப் போகும்.

ஒப்பீட்டுச் சாதகம் வந்ததும் முழுச் சாதகத்தைத் தூக்கிப் போடுவது

முழுச் சாதகத்தைப் பற்றிப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776-ல் சொன்னதை ரிக்கார்டோ பொய்யாக்கிவிட்டார் என்று எழுதுகிறார்கள். எதை விற்பது என்பதை ஒப்பீட்டுச் சாதகம் தீர்மானிக்கிறது. எவ்வளவு கூலி கிடைக்கும் என்பதில் முழுச் சாதகம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஓர் ஒயினும் ஒரு துணியும் ஒரே விலை என்றால், போர்ச்சுகலில் அந்த வருமானம் 80 பேருக்குப் பிரிகிறது, இங்கிலாந்தில் 100 பேருக்கு. போர்ச்சுகல் தொழிலாளியின் கூலி 1.25 மடங்கு. விலை எல்லைக்குள் எங்கே நகர்ந்தாலும் இது 1.11-க்கும் 1.5-க்கும் நடுவில்தான் இருக்கும். இங்கிலாந்தின் கூலி ஒருபோதும் மேலே போகாது.

"இரண்டிலும் பின்தங்கிய நாடு எப்படித்தான் துணியை விற்கும்?" என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, விடை இந்தக் கூலியில் இருக்கிறது. போர்ச்சுகலின் கூலியை 1 என்று வைத்தால் இங்கிலாந்தின் கூலி 0.8. 100 பேரின் துணிக்கு ஆகும் செலவு 80. போர்ச்சுகலில் அதே துணிக்கு 90.

"நாட்டுக்கு லாபம்" என்பதை "எல்லோருக்கும் லாபம்" என்று படிப்பது

ரிக்கார்டோவின் கணக்கில் உழைப்பு ஒன்றுதான் செலவு, அதுவும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடையின்றி நகர்கிறது. நிலம், மூலதனம், உழைப்பு என்று பிரித்தால் படம் மாறும். இரண்டு உற்பத்திக் காரணிகளை வைத்து, வணிகத்தால் அவற்றில் ஒன்றின் உண்மை வருமானம் குறையலாம் என்று பொருளியலாளர்கள் ஸ்டால்பரும் சாமுவேல்சனும் 1941-ல் காட்டினார்கள். நம் அட்டவணையிலேயே போர்ச்சுகலின் நெசவாளர்கள் 90 பேரும் ஒயின் வேலைக்கு மாற வேண்டியிருக்கிறது. தறியை விட்டுவிட்டு அங்கே வேலை கற்றுக்கொள்ளும்வரை அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்பதற்கு அதில் நெடுவரிசை இல்லை. கட்டுரைக் கேள்வியில் இதைக் குறிப்பிடும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன், ஒயினைச் சரியான நாட்டுக்கு அனுப்பியிருந்தால்.