சின்னத் தொழிலுக்கு ஊர் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்: திருகோணமலையை வைத்து ஒரு கணக்கு

கொஞ்சம் காசு சேர்த்தோ, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசிலோ ஒரு சின்னத் தொழில் தொடங்க நினைக்கிற தம்பி தங்கச்சிமார் முதலில் கேட்பது “எந்த ஊர் நல்லம்?” என்பதுதான். கொழும்பா, யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, இல்லை திருகோணமலையிலேயே போடலாமா என்று. நான் திருப்பிக் கேட்பேன்: நவம்பர் மாத மழைக்குள் உங்கள் கடைக்கு யார் வருவார்கள்? அதற்கு ஒரு ஆளையாவது கைகாட்ட முடியாவிட்டால், ஊரைத் தெரிவு செய்ய இன்னும் நேரம் வரவில்லை.

இங்கே நான் அதிகம் பார்க்கிற தவறு சீசனில் வந்து முடிவெடுப்பது. ஜூலை, ஆகஸ்டில் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்தால் கடல் குளம் போலக் கிடக்கும், புறாமலைத் தீவுக்குப் போகிற படகுக்கு ஆட்கள் காத்து நிற்பார்கள், பின்னேரத்தில் கரையோரக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. அதைப் பார்த்த சூட்டிலேயே ஒரு இடத்தைப் பிடித்து, முற்பணமும் கட்டி, ஒரு வருடத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். பிறகு வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிடும், மழையும் கடல் கொந்தளிப்புமாக மாதங்கள் போகும், அப்போது தெற்கே மிரிஸ்ஸ, உனவட்டுன பக்கம் சீசன் தொடங்குவதால் வெளிநாட்டுக்காரர் அங்கே போய்விடுவார்கள். வாடகை மட்டும் எங்கும் போகாது. மாதம் 40,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 480,000. உழைப்பது ஐந்து மாதம்தான் என்றால் அந்த ஐந்து மாதமும் நீங்கள் உண்மையில் கொடுப்பது மாதம் 96,000. இந்தக் கணக்கைக் கையெழுத்துப் போட முன்னர் போடுங்கள். அப்புறம் டிசம்பரில் ஒருநாள் அலஸ்தோட்டத்தில் இருந்து நிலாவெளிவரை மெதுவாக வந்து பாருங்கள். எது திறந்திருக்கிறது, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மழையிலும் கடையைத் திறந்து வைத்திருப்பவரிடம் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள், வாடகையில் இருந்து வேலையாள்வரை எல்லாம் சொல்வார்.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகர். உவர்மலையிலும் வரோதயநகரிலும் மாகாண அலுவலகங்கள், நகரத்துக்குள் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பெரியாஸ்பத்திரி. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, கந்தளாய் என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் இங்கே வந்துதான் ஆகவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவைக்காக, காத்து நிற்கிற வேலையும் இல்லை. காலை பத்து மணிபோல பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களைப் பாருங்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விதானையார் (கிராம சேவையாளர்) கொடுத்த கடிதம். போட்டோக்கொப்பி எடுக்கவேண்டும், படம் பிடிக்கவேண்டும், சிங்களத்தில் வந்த கடிதத்தை யாராவது வாசித்துச் சொல்லவேண்டும், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல் வேண்டும். இந்த ஆட்களுக்கு சீசன் கிடையாது, மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கடற்கரையில் கஃபே போட்டால் படம் வடிவாக இருக்கும், சரி. ஆனால் கச்சேரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறையில் கொப்பி மெசினோடு உட்கார்ந்திருப்பவருக்கு டிசம்பரிலும் வருமானம் வருகிறது.

வரப்போகிற திட்டங்களை நம்பி ஊரைத் தெரிவு செய்வதும் பெரிய ஆபத்து. “துறைமுகம் இருக்கு, எண்ணெய்த் தாங்கி இருக்கு, திருகோணமலை எழும்பப் போகுது” என்று சிறுவயதில் இருந்தே கேட்டு வருகிறோம். சீனன்குடாவில் இருக்கிற 99 தாங்கிகளைப் பற்றி 2003இலும் ஒப்பந்தம் வந்தது, 2022 ஜனவரியிலும் வந்தது. ஊர் எழும்பவேண்டும் என்று எனக்கும் ஆசைதான், மனமார ஆசை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்போடும் காணி விலையும் கடை வாடகையும் முதலில் ஏறிவிடும், வாடிக்கையாளர் பிறகுதான் வருவார், வராமலும் போகலாம். நடுவில் இருக்கிற வருடங்களுக்கான வாடகையைச் சின்ன முதலீட்டோடு நிற்கிறவரால் தாங்கமுடியாது.

கடதாசி வேலைகளிலும் தடுமாறுகிறார்கள். பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். அது பெயர்ப் பதிவு மட்டும். கடை நடத்த உள்ளூராட்சி சபையின் வருடாந்த வியாபார அனுமதி வேறு, சாப்பாடு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது வேறு. இதில் எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது: உப்புவெளி இருப்பது “பட்டினமும் சூழலும்” என்ற பிரிவில், நிலாவெளி இருப்பது குச்சவெளிப் பிரிவில். ஒரே வீதியில் சில கிலோமீற்றர் தள்ளிப் போனால் நீங்கள் போய் நிற்கவேண்டிய அலுவலகமே மாறிவிடும். ஆகவே இடம் பார்க்கிற அன்றே, இது எந்தச் சபை என்று கேளுங்கள்.

கடற்கரைக் காணி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கடல் உயர்நீர் மட்டத்தில் இருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம், அதற்குள் கட்டடம் போட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. “சும்மா ஓலைக்கொட்டில்தானே” என்று சொல்கிறவர் நாளைக்கு உங்களோடு வந்து நிற்கமாட்டார். காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் பாருங்கள். அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கமுடியாது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் பிரச்சினை வந்தால் உங்கள் முற்பணம்தான் போகும்.

சொந்தக்காரர் இருக்கிற ஊர் என்பதற்காகப் போகிறவர்களும் உண்டு. தங்க இடம் கிடைக்கும், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. கடனுக்குச் சாமான் வாங்கிப் போகிறவர்களும் முதலில் அவர்கள்தான். இதைப் போகமுன் யோசியுங்கள்.

சாமான் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விடாதீர்கள். மரக்கறிக்குத் தம்புள்ளை 110 கிலோமீற்றர் அளவில், மற்ற எல்லாவற்றுக்கும் கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில். ஐஸ்கிரீம் மெசினில் ஒரு பார்ட்ஸ் உடைந்தால் அது கொழும்பில் இருந்து வரும்வரை கடை பூட்டுத்தான். அதே மெசினை இங்கேயே திருத்துகிற ஆள் இருக்கிறாரா என்று வாங்கமுன் விசாரியுங்கள். வேலையாளுக்குச் சம்பளம் மட்டும் கணக்குப் பார்ப்பதும் தவறு: முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் போடுங்கள், இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வீதியில் கடைக்குப் போகிறவர்கள்.

நகரத்துக்குள்தான் கடை போடவேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. தையல், சீமெந்துக் கல், தயிர், மசாலாத்தூள் மாதிரியான தொழில் என்றால் மூதூரோ தம்பலகாமமோ உங்களுக்கு மேல். வாடகை குறைவு, தயிருக்குப் பால் பக்கத்திலேயே கிடைக்கும், செய்த சாமானைக் காலை பஸ்ஸில் ஏற்றி நகரத்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். முதலில் கொஞ்ச மாதம் அப்படிக் கொடுத்துப் பாருங்கள், எந்தக் கடைக்காரர் காசைச் சொன்ன நாளில் தருகிறார், எந்தத் தெருவில் உங்கள் சாமான் கெதியாக முடிகிறது என்று கொப்பியில் எழுதி வையுங்கள், கடைக்கு இடம் தேடுவதை அந்தத் தெருவில் இருந்து தொடங்கலாம்.